அட்டைக்கு வைத்த உப்பு

பூதத்தான் டப்பாவை இடது கையால்தான் திறப்பார். பல்பொடி வந்த பழைய தகர டப்பா. மூடியின் விளிம்பெல்லாம் துரு. கட்டைவிரல் நகம் பதிகிற இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். மூடியை உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு டப்பாவை அதன்மேல் சரித்து இரண்டு தட்டுத் தட்டுவார். விழுந்த உப்பைச் சுட்டுவிரலால் ஒருமுறை வழித்துச் சமன் செய்து, பாதியைப் பால் விடாத கட்டன்சாயாவில் போடுவார். கரண்டி கேட்கமாட்டார். கிளாஸைக் கையில் பிடித்தபடியே மூன்று சுற்றுச் சுற்றுவார். மீதிப் பாதி மூடியிலிருந்து நேராக நாக்குக்குப் போகும். கண்ணை ஒரு கணம் மூடித் திறப்பார். அதன்பிறகுதான் பஸ்ஸைப் பார்த்து நடப்பார்.

மணிமுத்தாறு செக்போஸ்ட் பக்கத்துச் சாயாக்கடையில் இது நடக்கும். அங்கிருந்து மலைப்பாதை ஆரம்பம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஏறிய கூட்டமும், கல்லிடைக்குறிச்சியில் ஏறிய எஸ்டேட் சனங்களும், அரிசி மூட்டையும், கோழிக்கூடையும் பஸ்ஸுக்குள் காத்துக்கொண்டிருக்க, டிரைவர் சாயா குடித்து முடிக்கிறவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். மாஞ்சோலை டிரைவருக்கு அந்த மரியாதை உண்டு. கண்டக்டர் தானியேல் மட்டும் படிக்கட்டில் நின்று, அந்த மூடியில் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பான்.

உப்பு எதற்கு என்று முதல் நாளே அவன் கேட்டுவிட்டான்.

"அட்டைக்கு வே" என்றார் பூதத்தான். "மேல மரம் விழுந்து கெடக்கும், மண்ணு சரிஞ்சு கெடக்கும், நாமதான் இறங்கிப் புல்லுக்குள்ள நிக்கணும். கால்ல ஏறுச்சுன்னா இழுக்கப்பிடாது. ஒரு சிட்டிக உப்ப வச்சாப் போதும், சுருண்டு விழுந்துரும்."

"சாயாவுல போட்டீங்களே அண்ணாச்சி?"

"அது உள்ள இருக்க அட்டைக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. தானியேலும் சிரித்தான். சாத்தான்குளத்துக்காரன், இருபத்தாறு வயசு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலை ரூட் அவனுக்குப் புதிது. டிப்போவுக்குள் யாருமே கேட்டு வாங்காத ரூட் அது. ஒரு நாள் ஏறினால் இரவு மேலே தங்கி மறுநாள் காலையில்தான் இறங்கவேண்டும். பூதத்தான் மட்டும் பதினோரு வருஷமாக அதைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே, கால்வாய்க் கரையோரம். நாலு பிள்ளை தங்காமல் போனபிறகு காரையாறு கோயிலில் நேர்ந்து, காவல் பூதத்தின் பேரை வைத்தார்களாம். பதினைந்து வயசில் லாரியில் கிளீனர். ஆரல்வாய்மொழிக் காற்றில் தார்ப்பாய் கட்டக் கற்றுக்கொண்டது, செங்கோட்டைக் கணவாயில் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டியரிங் பிடித்தது, முப்பது வயசில் அரசு பஸ் வேலை, வீரவநல்லூரில் பெண் எடுத்து அங்கேயே வீடு. பேருக்கேற்ற ஆகிருதி. ஆனால் வண்டியை மட்டும் கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வளைவில் போடுவார். வலது பக்கம் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். எஸ்டேட் பெண்கள் அவர் வண்டியில் வாந்தி எடுக்காமல் தூங்கிக்கொண்டு போவார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது.

சர்க்கரை வியாதி அவருக்கு இருப்பதைச் சொன்னதே ஒரு அட்டைதான். தொண்ணூற்று மூன்று ஆடிச் சாரலில் கணுக்காலில் கடித்த கடி, ஆவணி முடிந்தும் ஆறவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அப்பாத்துரை சிறுநீரை வாங்கி, சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பூதம், உம்ம ஒடம்புல ஒரு மிட்டாய்க்கடை ஓடுது வே" என்றாராம். பூதத்தான் அன்றோடு இனிப்பை விட்டார். விட்டார் என்றால் அப்படி ஒரு விடல். மகள் சடங்குக்கு வீட்டில் போட்ட லட்டை நாக்கில் வைக்கவில்லை. கோயில் பொங்கலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவார். எஸ்டேட்டில் எவர் வீட்டு விசேஷத்திலும் அவருடைய விரதத்தைப் பற்றி ஒரு பேச்சு நடக்கும். அவரும் அதைக் காதில் வாங்கி மகிழ்வார்.

அந்த விரதத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. சீனி போன இடம் காலியாகக் கிடக்கவில்லை. சாயாவுக்கு உப்பு. மோருக்கு இரட்டை உப்பு. தயிர்ச்சோற்றுக்குக் கல்லிடைக்குறிச்சிக் கடையில் வாங்கிய, உப்பில் ஊறிக் கறுத்த நார்த்தங்காய், வறுத்த மோர்மிளகாய், மாங்காய் வத்தல். "இதுல எதுலயாவது சீனி இருக்கா? ஒரு பொட்டு காட்டும் பாப்போம்" என்று தூக்குவாளியைத் திறந்து கேட்பார். யாரால் காட்ட முடியும்? சர்க்கரைக்காரனுக்கு இனிப்பைத் தவிர எல்லாமே மருந்துதான் என்று மலை மேலேயும் கீழேயும் அத்தனை பேரும் நம்பினார்கள். தானியேலும் நம்பினான்.

முதல் மாதம் அவன் ஊரிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்தான். பூதத்தான் அதை வாசம் பிடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "உங்க ஊரு பனைமரத்துல கருவாடு காய்க்காதோ?" என்றார். அடுத்த வாரம் தானியேல் அவன் அம்மாவிடம் சொல்லி, மணப்பாட்டுக் கரையில் காய்ந்த சாளைக் கருவாடும் நெத்திலியும் வாங்கிவந்தான். மேலே ஊத்து எஸ்டேட்டில் டிரைவர் கண்டக்டர் தங்கும் அறை ஒன்று உண்டு. தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. வெளியே மேகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே கருவாடு சுடுகிற வாசனை. அதைக் கழுவக்கூட விடமாட்டார் பூதத்தான். கழுவினால் உப்புப் போய்விடும்.

"உங்க அம்மைக்கு நான் கடன்பட்டவன் வே" என்பார். "எங்க வீட்ல இதெல்லாம் ஆகாது. வாடையே ஏறப்பிடாது அவளுக்கு."

தகப்பன் இல்லாத தானியேலுக்கு, ஒரு பெரிய மனுஷன் தன் கையால் வந்ததை இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது. ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க, வாரம் தவறாமல் கொண்டுவந்தான்.

முதலில் மாறியது ஷூ. நவம்பரில் பூதத்தான் ஷூவின் கயிற்றைக் கட்டாமல் விட ஆரம்பித்தார். பிறகு ஷூவை விட்டு ரப்பர் செருப்புக்கு வந்தார். செருப்பின் வார், சாயங்காலத்தில் அவர் பாதத்தில் ஒரு பள்ளத்தை வெட்டியிருக்கும். அறைக்கு ஏறப் பதினான்கு படி. முன்பு ஒரே மூச்சில் ஏறுகிறவர், ஏழாவது படியில் நின்று கீழே பள்ளத்தாக்கைக் காட்டி ஏதாவது பேச்சுக் கொடுப்பார். மூடுபனியில் பள்ளத்தாக்கு தெரியாத நாளிலும் அங்கேயே நின்று அதையே காட்டினார். டிசம்பரில் ஒரு விடியற்காலை தானியேல் கண் விழித்தபோது, அவர் கட்டிலில் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஈரத்துணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"படுத்தா நெஞ்சுல யாரோ ஏறி உக்காருத மாதிரி இருக்கு. வாயு" என்றார், கேட்காமலேயே.

கம்பவுண்டர் அப்பாத்துரை மாதத்துக்கு இரண்டு தடவை மருந்து வாங்கக் கீழே போவார். டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்கார்வார். ஒல்லியான மனுஷன், சிரிக்காமல் தமாஷ் பேசுவார். அந்த மாதம் ஏறியவர், சீட்டில் உட்காராமல் பூதத்தானின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "பழைய அட்டைக்கடி எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றது. ஈர மண்ணில் கோழி மிதித்த தடம் மாதிரி. அது மெல்ல நிறைகிறவரை தானியேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரஷர் பாக்கணும், ஆஸ்பத்திரிக்கு வாரும்" என்றார் கம்பவுண்டர்.

"வண்டிக்கு நேரமாச்சு வே. சீட்ல உக்காரும்."

அடுத்த தடவை மேலே தங்கியபோது தானியேலே எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனான். சாயங்காலம் நாலு மணி. அப்பாத்துரை பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

"உம்ம டிரைவருக்குக் காலு எப்ப இருந்து இப்படி வீங்குது?"

"செருப்பு கடிச்சிட்டுன்னு சொன்னாவ."

"ரெண்டு காலையும் ஒரே நேரத்துல கடிச்ச செருப்ப நான் பாத்ததில்ல."

தானியேல் தயங்கித் தயங்கிச் சொன்னான். சாயா, நார்த்தங்காய், டப்பா. கருவாட்டைச் சொல்லும்போது அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. அப்பாத்துரையின் கை பஞ்சை உருட்டுவதை நிறுத்தியது.

"சீனிய விட்டா சரியாப்போச்சுன்னு நெனைக்கான். பாதிப்பேரு அப்படித்தான் நெனைக்கான். சக்கரை ஏற்கனவே ரத்தக் குழாய உள்ளுக்குள்ளயே அரிச்சு வச்சிருக்கும் வே. உப்பு என்ன செய்யும்? தண்ணிய வெளிய விடாம புடிச்சு வைக்கும். தண்ணி கூடுனா ரத்தம் பெருகும், அழுத்தம் ஏறும். தேஞ்சுபோன டயருல காத்த அடிச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? உமக்கே தெரியும்லா. இருதயம் எத்தன நாளைக்கு இறைக்கும்? சக்கரைக்காரனுக்கு மத்தவனவிட ரெண்டு பங்கு சீக்கிரம் தளர்ந்துரும். கால்ல நிக்கது அந்தத் தண்ணிதான். ராத்திரி படுத்தா அது நெஞ்சுக்கு வருது."

"நெஞ்சு வலி வந்தா வண்டிய ஓரங்கட்டிருவாவ இல்லா?"

அப்பாத்துரை அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"வலிக்காது" என்றார். "அங்கனதான் இருக்கு விசயம். சக்கரை நரம்பையும் தின்னுரும். மத்தவனுக்கு நெஞ்சு அறிவிச்சுட்டு வரும். இவனுக்கு அறிவிப்பே இருக்காது பல நேரம். கொஞ்சம் வேர்க்கும். வாயுன்னு சொல்லுவான். அம்புட்டுத்தான்." பஞ்சை மறுபடியும் கையில் எடுத்தார். "வண்டியில எத்தன பேரு ஏத்துதீரு?"

தானியேல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். அன்று ஐம்பத்திரண்டு.

எண்ணுவதுதான் அவன் வேலை. செக்போஸ்ட்டில் தலையை எண்ணிச் சீட்டோடு சரிபார்த்து விசில் கொடுப்பான். அதற்குமுன் அது வெறும் எண்ணாக இருந்தது. அந்த நாளிலிருந்து ஒவ்வொரு தலையும் எண்ணும்போதே முகமாகத் திரும்பியது. கைப்பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை. அவன் அவர்களையும் எண்ணினான். விசிலை வாயில் வைத்ததும் பூதத்தானின் பின்கழுத்தைப் பார்ப்பான். வேர்த்திருக்கிறதா என்று. மலை ஏறுகிறவரை எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். ஹேண்ட் பிரேக்கை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் இழுக்கிறார் என்று பார்த்து மனசில் வைத்துக்கொண்டான். வண்டி ஓட்டத் தெரியாது அவனுக்கு.

கருவாடு நின்றது. அம்மைக்கு உடம்பு சரியில்லை, கடற்கரைப் பக்கம் போகமுடியவில்லை என்று பொய் சொன்னான். "ஐயோ பாவம்" என்றார் பூதத்தான். மறுவாரம் கல்லிடைக்குறிச்சிச் சந்தையில் அவரே ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்த முதல் முறை, காலை வண்டி எடுக்குமுன், அறை வாசலில் வைத்து அவன் சொல்லிவிட்டான். கம்பவுண்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான்: குழாய், தண்ணீர், டயர், வலிக்காது என்பது. பூதத்தான் படியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நடுவில் ஒன்றிரண்டு கேள்வியும் கேட்டார்.

"உப்புத்தான் தண்ணிய புடிச்சு வைக்குதாமா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்படியா? பாரும், எனக்கு இது தெரியாமப்போச்சே" என்று காலைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்துச் சிரித்தார். "சீனிய விட்டேம்லா வே. ரெண்டு வருசம். அதுக்கே எனக்கு ஒரு பீடம் போட்டுக் கெடா வெட்டணும். இப்ப உப்பையும் விடுன்னா எப்படி? ஒண்ணு செய்யுதேன். நாக்க அறுத்து ஒரு பொட்டலமா கட்டி டிப்போவுல ஒப்படைச்சிருதேன். நம்பர் போட்டு வச்சுக்கிடட்டும்."

தானியேல் சிரிக்கவில்லை. பூதத்தானின் குரல் இறங்கியது.

"டிப்போவுல சொல்லிருவீரோ?"

"வண்டியில பிள்ளையெல்லாம் இருக்கு அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதா? பதினோரு வருசம் அந்தப் பிள்ளையள நீரா இறக்குனீரு?" எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார். "டிப்போ கேட்டுல ஒரு நாற்காலியப் போட்டு, வார வண்டி போற வண்டி நம்பர எழுதச் சொல்லுவான். எம்பிள்ளைய பள்ளிக்கூடத்துல 'அப்பா யாரு'ன்னா, 'மாஞ்சோலை டிரைவரு'ங்கும். டிரைவரு இல்ல வே, மாஞ்சோலை டிரைவரு. சவத்தத் தள்ளும். வண்டிய எடுப்போம்."

பொங்கல் கழிந்த புதன்கிழமை அது வந்தது. காலை இறக்கம். ஊருக்குப் போய்த் திரும்புகிற கூட்டமும், கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி ஒருத்தியுமாக வண்டி நிறைந்திருந்தது. பலாமரத்து வளைவு என்று எல்லோரும் சொல்லுகிற இடம். பனி ரோட்டின் மேல் வழிந்து பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி வளைவுக்கு முன்பே மெதுவாகி, மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. ஏர் பிரேக் பெருமூச்சு விட்டு அடங்கியபிறகு ஒரு சத்தமும் இல்லை.

"என்ன டிரைவரே, யானையா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"யானைதான் தாயி" என்றார் பூதத்தான், திரும்பாமல். "என் வயித்துக்குள்ள நிக்கி. பைய இறங்கிப் போயிரும்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஸ்வெட்டர் போட்டவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த குளிரில், பூதத்தானின் காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. காது மடலிலிருந்து வேர்வை சொட்டியது. முகத்தின் நிறம் அடுப்புச் சாம்பல்.

"வலிக்கா அண்ணாச்சி?"

"இல்ல வே. ஒண்ணும் வலிக்கல. அதான் அதிசயம்."

பத்து நிமிஷம். தானியேல் கீழே இறங்கி முன்சக்கரத்துக்குக் கல் வைத்தான். உள்ளே பார்க்கும்போதெல்லாம் அவர் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்து, தூரத்தில் யாரையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு கையால் சைகை காட்டினார். கல்லை எடுத்தான். இரண்டாம் கியரில், ஒரு வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்தது. மணிமுத்தாறு அணையின் தண்ணீர் கீழே தெரிகிறவரை தானியேல் ஹேண்ட் பிரேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதினான். மூன்று முறை கிழித்து எழுதினான். பூதத்தானின் பேரை எழுதுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் பேனா நின்றது. எழுதி முடித்து, மடித்து, சீட்டுப் பையின் உள்அறையில் வைத்தான். அதோடு நாலு முறை மலை ஏறி இறங்கினான். பை தோளில் கனத்தது. கொடுத்தால் ஒரு மனுஷனைக் கேட்டில் உட்கார வைத்தவன். கொடுக்காமல் இருந்தால் என்னவன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜங்ஷனில் வண்டியை விட்டபிறகு அவன் கடிதத்தை எடுத்து அவரிடமே காட்டினான். பூதத்தான் வாங்கிப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், நேரம் எடுத்தது.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். மடித்துத் திருப்பித் தந்தார். "நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் எனக்கு ஓய்வு. திங்கக்கிழமை குடும். ஒத்தையில போக வேண்டாம், நானும் கூட வருதேன். உம்மப் பாத்து மேனேஜரு சத்தம் போட்டா நீரு அழுதுருவீரு."

சனிக்கிழமை தாணுமாலையன் என்கிற மாற்று டிரைவர் வந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள், பேச்சு குறைவு. தானியேல் பல நாளைக்குப்பிறகு பின்படிக்கட்டில் நின்று பயணம் செய்தான். கல்லிடைக்குறிச்சி வாய்க்காலில் சனம் குளித்துக்கொண்டிருந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தான். செக்போஸ்ட்டில் ஐம்பத்துநாலு தலை எண்ணி முடிக்கும்போது, வனக்காவலர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். டிப்போவிலிருந்து போன் வந்ததாம்.

பூதத்தான் காலை ஏழரை மணிக்கு வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு கன்னம் முடித்திருந்தார். கண்ணாடி கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்டு வீட்டுக்காரி வந்து பார்த்திருக்கிறாள். ஒரு முனகல்கூட இல்லை.

தாணுமாலையன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். "வண்டி எடுக்கட்டா, இல்ல நிக்கட்டா?" என்று கேட்டார். மேலே போகிற ஒரே வண்டி அது. தானியேல் விசில் கொடுத்தான். பலாமரத்து வளைவில் வண்டி திரும்பும்போது, பள்ளத்தைப் பார்த்தான். அப்போது அவனுக்குள் வந்தது அழுகையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது நிம்மதி. நேற்று இல்லை, திங்கட்கிழமை இல்லை, ஓய்வு நாளான சனிக்கிழமை. இந்த ஐம்பத்துநாலு பேருக்கும் அது தெரியாது. அந்த நிம்மதியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே போய்ச் சேர்ந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டார்கள்.

"எங்க நம்ம அண்ணாச்சி?"

"லீவு" என்றான் தானியேல். நாலாவது தடவை கேட்டபோதும் அதையேதான் சொன்னான். மறுநாள் அவன் கீழே இறங்கி வருமுன் ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து நாலு நாள் பொறுத்து, வீரவநல்லூர் வீட்டுக்குப் போனான். மேலே அறையில் கிடந்த அவருடைய கம்பளியையும் ஒரு சட்டையையும் கொடுக்கவேண்டியிருந்தது. உறவெல்லாம் போய் வீடு ஓய்ந்திருந்தது. மகன் ஆறாவதும் மகள் பத்தாவதும் படித்தார்கள், பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவர் மனைவி முத்துமாலை கம்பளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் தானியேல் தம்பியா? உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. கூச்சப்படுத பிள்ள, நல்ல பிள்ளம்பாவ. சாப்பிடாம போகப்பிடாது."

இலை போட்டாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். தானியேல் முதல் கவளத்தை வாயில் வைத்தான். உப்பு இல்லை. பொரியலை எடுத்தான், அதிலும் இல்லை. துக்கத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்து, தலையைக் குனிந்து சாப்பிட்டான். ரசம் விட வந்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, மறந்தே போச்சு தம்பி. எங்களுக்குப் பழகிட்டு, ஆளு வந்தா ஞாவகம் வரமாட்டேங்கு. பக்கத்து வீட்ல கொஞ்சம் வாங்கிட்டு வாரேன், இருங்க. நம்ம வீட்ல உப்பு கெடையாது."

"வேண்டாம் அக்கா, இருக்கட்டும்."

"அவியளுக்காக நிறுத்துனது. திருநெல்வேலில பெரிய டாக்டரப் பாத்தோம். சக்கரைக்காரரு, பிரஷரு எக்கச்சக்கமா இருக்கு, இருதயம் வீங்கிப்போயிருக்குன்னு படம் புடிச்சுக் காட்டுனாரு. உப்பத் தொட்டா ஒரு வருசம் தாண்டாதுன்னு மொகத்துக்கு நேரா சொன்னாரு. அவியளே வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியத் தூக்கிட்டுப்போயி அடுத்த வீட்ல குடுத்துட்டாவ. அவியளுக்கு மட்டும் உப்பில்லாம வச்சுட்டு நாங்க எப்படித் திங்க? பிள்ளையளும் விட்டுட்டு. மொதல்ல மகன் அழுவான், பொறவு பழகிட்டான். அவிய ஒரு நா மொகஞ்சுளிச்சதில்ல தம்பி. ருசியா இருக்குன்னுதான் சொல்லுவாவ."

அவள் எழுந்துபோய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துவந்து காட்டினாள். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்த மருந்துகளுக்குக் கீழே, நோயாளிக்குப் புரியட்டும் என்று தமிழில், உப்பு அறவே கூடாது, கருவாடு ஊறுகாய் கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. மேலே தேதி: 21.8.95.

தானியேல் மலை ரூட்டுக்கு வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் கடைசி வாரம்.